கோல்காரன் பெண்டாட்டி

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை போயும் விடவில்லை. காவேரியிலிருந்து கம்பி வழியாகக் கரெண்டு வந்து, தங்கச் சுரங்கத்து மிஷின்கள் ஓட ஆரம்பித்ததற்கு மறு வருஷம் அது. ரெண்டாயிரம் அடி ஆழத்துத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளத் தெரிந்த துரைமார்களுக்கு, எட்டாம் நம்பர் லைனில் கூலிக்காரர்கள் கூரை வழியாக இறங்கும் தண்ணீரை நிறுத்த மட்டும் வழி தெரியவில்லை. எல்லாம் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த லைனில் அதிகமாகக் கேட்டது தாமோதரனின் இருமல்தான்.

அவன் பெண்டாட்டி சம்பங்கி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, அவனுடைய சிவப்புச் சட்டையைக் காயப் போட்டிருந்தாள். நாலு நாளாகக் காய்கிறது. புகை ஏறிச் சட்டை கருவாடாக நாறியது. ஆனாலும் அந்த வீடு பிழைத்திருந்தது அந்தச் சட்டையால்தான். எட்டாம் நம்பர் பந்து டீமில் தாமோதரன் கோல் நிற்கிறவன்.

சங்கதி என்னவென்றால், எட்டாம் நம்பர் ஷாப்டு என்கிற சுரங்கக் குழியின் பெரிய துரை வால்டருக்குப் பந்தாட்டத்தில் பித்து. சீமையிலிருந்து கப்பல் ஏறும்போது பெண்சாதியை விட்டுவிட்டுத் தோல் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தவர் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். சுற்றுவட்டாரத்தில் மேல் செட்டு என்று ஆறு டீம், கீழ் செட்டு என்று ஆறு டீம். மேல் செட்டில் கோரமண்டல், பாலகாட், பங்காருபேட்டை ரயில்வே எல்லாம் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதி சட்டைக்காரர்கள், வெள்ளைக்காரனுக்கு இங்கே பிறந்த வம்சம். வெறுங்காலோடு ஆடுகிற கூலிக்காரர் டீம் எட்டாம் நம்பர் ஒன்றுதான். சீசன் முடியும்போது மேல் செட்டில் கடைசியாக வருகிற டீம் கீழ் செட்டுக்கு இறங்கிவிட வேண்டும். வால்டர் துரை ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். டீம் மேல் செட்டில் இருக்கிற வரைக்கும் ஆடுகிறவர்களுக்கு மேல் வேலை. டீம் இறங்கினால் அத்தனை பேரும் பழையபடி சுரங்கத்துக்குள்.

மேல் வேலை என்றால் பூமிக்கு மேலே, வெளிச்சத்தில், காற்றில் செய்கிற வேலை. தாமோதரன் ஏழு வருஷம் கீழே பாறையில் துளை போட்டவன். துளை போடும்போது சலித்த மாவு மாதிரி வெள்ளைத் தூள் கிளம்பும். அதை இழுத்துத்தான் மூச்சு விட வேண்டும். இருபத்தொன்பது வயதில் அவன் தண்ணீர்க் குடம் தூக்கினால் இளைத்தான். ரெண்டு வருஷமாக மரக்கிடங்கில் உட்கார்ந்து கட்டைக்கு நம்பர் போடுவதால்தான் உயிரோடு இருந்தான். கோலில் நிற்பதற்கு ஓட வேண்டியதில்லை, கை நீளமும் கண்ணும் போதும். அவனுக்கு அது ரெண்டும் இருந்தது. "இன்னொரு தரம் கீழ எறங்கினா ஆறு மாசந்தான்" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் சம்பங்கியிடம் சொல்லியிருந்தார். அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் டீமுக்குச் சனி பிடித்திருந்தது. மணல் மேட்டுக்கும் குட்டைக்கும் நடுவே பள்ளத்தில் இருந்த மைதானம் பாதி நாள் தண்ணீரில் கிடந்தது. நனைந்த பந்து கருங்கல்லாகக் கனத்தது. எல்லார் காலிலும் சேற்றுப்புண். வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு நொண்டி நொண்டி ஆடினார்கள். பாலகாட்டிடம் அஞ்சு கோல் வாங்கினார்கள், கோரமண்டலிடம் நாலு. இன்னும் ஒரே ஆட்டம் பாக்கி. சனிக்கிழமை பங்காருபேட்டை ரயில்வேயோடு. ஜெயிக்க வேண்டாம், கோல் வாங்காமல் சமமாக முடித்தாலே மேல் செட்டில் தங்கிவிடலாம். தோற்றால் போச்சு.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது தாமோதரன் நனைந்து வந்து நின்றான். தலையைத் துவட்டப் போன சம்பங்கி கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஒடம்பு இப்டி கொதிக்குது?"

"ஒண்ணுமில்ல. மழையில கட்டை எறக்குனாங்க, கூட நின்னேன். கூழு கீதா?"

"கீது. நெருப்பாண்ட குந்து மொதல்ல."

"சட்ட காஞ்சிதா?"

"காஞ்சிரும். நீ காயி."

வெள்ளிக்கிழமை காலையில் ரைட்டர் கொர்னேலியஸ் குடையோடு வந்தார். டைம் ஆபீசில் ஆட்கள் பேரை எழுதிப் பித்தளைப் பில்லை கொடுக்கிறவர் அவர்தான். டீமைக் கட்டி மேய்க்கிறவரும் அவரே. வெளியே பெய்ததைவிட வீட்டுக்குள் அதிகமாகப் பெய்ததால் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தாமோதரா, நாளைக்கி நிப்பியா?"

"நிக்கறேன் ஐயா" என்று எழுந்தவன் தட்டிச் சுவரைப் பிடித்தான். சுவரும் அவனும் சேர்ந்து சாய்ந்தார்கள். சம்பங்கி அவனைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"வேற ஆளு இல்லீங்களா ஐயா?"

"ஆடி மாசமே பதிமூணு பேரு எழுதிக் குடுத்தாச்சும்மா. அதுல பேரு இல்லாதவன் ஆடுனா ஆட்டமே செல்லாது, தோத்த கணக்கு. பதிமூணுல ஒருத்தன் காலு ஒடிஞ்சி கெடக்கறான். இன்னொருத்தன் மாமனார் சாவுக்கு ஆம்பூர் போனவன், பாலாறு பொங்கிகிச்சின்னு அங்கியே கீறான். பதினோரு பேர்தான் மிச்சம். அதுல இவனையும் சேத்துதான் எண்ணி வெச்சிருந்தேன்."

அப்போதுதான் சம்பங்கியின் தம்பி துலுக்காணம் ஷிப்டு முடிந்து மண்ணும் மழையுமாக வந்தான். அக்கா வீட்டோடு இருக்கிறவன். இருபத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாலு வருஷமாகக் கீழே கல் வண்டி தள்ளுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் பையன்களோடு கிழிசல் பந்தை வைத்துக்கொண்டு கோல் நிற்பான். சம்பங்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவன நிக்க வெச்சா இன்னா ஐயா? அவரு சட்டையப் போட்டுகினு, அவரு பேர்ல."

கொர்னேலியஸ் குடையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மோசம்மா அது."

"மோசந்தான்."

"நான் கோயில்ல பாட்டுப் படிக்கறவன்மா."

"படிங்க ஐயா, யாரு வேணாங்கறாங்க. துரைக்கு நம்மள்ல யாரு யாருன்னு தெரியவா போவுது? ரெண்டு வருசமா இவரு மரக்கிடங்குல குந்திகினு கீறாரு. ஒரு நாளாவது மூஞ்சிய நிமிந்து பாத்தாரா? சட்டையத்தான் பாப்பாரு."

கொர்னேலியஸ் மாட்டேன் என்று சொல்லவில்லை. துலுக்காணம் கயிற்றிலிருந்து சட்டையை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். கூலிக்காரன் முகத்தைத் துரை பார்க்க மாட்டார் என்பது சம்பங்கி எட்டு வருஷத்தில் அந்த ஊரில் கற்றுக்கொண்டது. அதை நம்பித்தான் கெட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மழை விட்டிருந்தது. சரியாக ஆட்டம் ஆரம்பிக்கும்போது பிடித்துக்கொண்டது. ரயில்வேக்காரர்கள் தங்கள் ரயிலிலேயே வந்து இறங்கினார்கள், துடைத்த பூட்ஸும் நீலச் சட்டையுமாக. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். பூட்ஸ் சேற்றில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது; வெறுங்கால்காரர்கள் வயலில் பழகியவர்கள், எப்படியோ சமாளித்தார்கள். பார்க்க நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் தலையில் சாக்கு. கல் பொறுக்கும் மேடையில் வேலை செய்கிற பெண்களையும் துரை அன்றைக்கு விட்டுவிட்டார். சம்பங்கி காய்ந்த துணி ஒன்றைச் சேலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றாள்.

துலுக்காணம் நின்றதைப் பற்றி ரொம்ப நாள் பேசினார்கள். நிற்கவா செய்தான், அந்தச் சேற்றில் புரண்டான். இடதுபக்கம் வந்ததை வலதுபக்கத்திலிருந்து பாய்ந்து தட்டினான். நேரம் முடிகிற சமயத்தில் பந்து கோலுக்கு நாலடி முன்னால் சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. ரயில்வேயின் தடியன்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். துலுக்காணம் போய்ப் பந்தின் மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டான். மூன்று பூட்ஸும் அவனை உதைத்தது. தலையிலும் விலாவிலும் உதைத்தது. ஊதல் ஊதுகிற வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.

ஆட்டம் சமம். எட்டாம் நம்பர் தப்பித்தது. டீம்காரர்கள் குடும்பமெல்லாம் மழையில் ஆடியது. சம்பங்கி தன் தம்பியிடம் ஓடுவதற்குள் வால்டர் துரை ஓடினார். முழங்கால் வரை சேறாக அவனைத் தூக்கி உட்கார வைத்து, தன் கைக்குட்டையை எடுத்து, அவன் முகத்துச் சேற்றைத் தானே துடைத்தார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது, அதையும் துடைத்தார். அந்தச் சேற்றை அப்படியே விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அவன் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாமோடரன்" என்று முதுகில் தட்டினார்.

சம்பங்கி வந்து காய்ந்த துணியால் தம்பியைப் போர்த்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். யார் இது என்று துரை கேட்டார். கொர்னேலியஸ் யோசிப்பதற்குள் கல் மேடை மேஸ்திரி முந்திக்கொண்டான்.

"தாமோதரன் பெண்டாட்டி, துரை. நம்ம கல்லு மேடையில வேல செய்யறவ."

துரை தொப்பியைத் தொட்டு அவளுக்குத் தலை அசைத்தார். கூடப்பிறந்தவனை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறென்ன செய்வாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்ததும் கொர்னேலியஸ் நேரே லைனுக்கு வந்தார். தாமோதரனுக்குச் சுரம் இறங்கியிருந்தது. களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு, "மச்சான், எம்பேரக் காப்பாத்திட்ட போ" என்று துலுக்காணத்தைச் சீண்டிக்கொண்டிருந்தான். ரைட்டர் முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நாளையிலேருந்து தாமோதரன் இன்ஜின் ரூம்ல வேல செய்யணுமாம். துரை ரூமுக்கு எதிர்ல. தெனம் கண்ணுல படணும்ங்கறாரு."

"அதுக்கின்னா, நல்லதுதானே ஐயா" என்றான் தாமோதரன்.

"அவருக்குத் தாமோதரன் மூஞ்சி தெரிஞ்சிபோச்சிப்பா. அது உம்மூஞ்சி இல்ல."

சம்பங்கிதான் முதலில் பேசினாள்.

"உள்ளத சொல்லிட்டா?"

"சொல்லலாம். ஆட்டம் செல்லாது. டீம் கீழ் செட்டு. பத்துப் பேரும் நாளைக்கே கீழ. என் வேலையும் போவும், அது போவட்டும். அந்தப் பத்து வூட்டுக்காரனும் உங்கள சும்மா வுடுவானா?"

"அப்ப எங்க வூட்டுக்காரரு?"

"துலுக்காணத்தோட பில்லைய எடுத்துகினு எறங்கணும். பில்லை இல்லாத ஆம்பள லைன்ல தங்கக் கூடாது, வாட்ச்மேன் வெளிய தள்ளிடுவான். ஏழு மாசம் பல்லைக் கடிச்சிக்குங்க. ஆடியில புது லிஸ்டு எழுதும்போது துலுக்காணம்ங்கற பேரையும் டீம்ல சேத்துடறேன். அப்பால மேல வந்துடலாம்."

ஏழு மாசம் என்றதும் சம்பங்கி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். டிரஸ்ஸர் சொன்ன கணக்கு ஆறு.

"ஊருக்குப் போயிடலாமாய்யா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஊர்ல இன்னா கீது? பாலாறுதான் வூட்ட வாரிகினு போயிடுச்சே. மரத்தடியில குந்தறதா?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"டேய், பகல்ல அவரு பேர்ல மேல நில்லு. ராத்திரி ஷிப்டுல உம்பேர்ல நீயே எறங்கு. ஏழு மாசந்தான்டா. சின்ன வயசு, தாங்கும்."

துலுக்காணம் வீங்கிய முகத்தோடு அவளைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. அவள் சொன்னால் சேற்றில் விழுந்து உதை வாங்கியவன்.

"நாலு வருசமா நான் வெயில பாத்தது ஞாயித்துக்கெழமதான்க்கா. எனக்கும் மூச்சு கீதுக்கா."

"அவன வுடுடீ" என்றான் தாமோதரன். "ஏழு வருசம் எறங்குனவன் நானு. ஏழு மாசம் பெருசா?"

டிரஸ்ஸர் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சம்பங்கி வாயைத் திறந்தாள். வாசலில் டீம்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள், பெண்டாட்டிகளோடு. கூரைக்குள் வராமல் நனைந்துகொண்டு நின்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. இத்தனை நாள் வராத வெயில் அன்றைக்குத்தான் வந்தது. டைம் ஆபீஸ் முன்னால் வால்டர் துரை தானே நின்று டீம்காரர்களுக்குப் பில்லை கொடுத்தார். "தாமோதரன்" என்று கூப்பிட்டபோது ரெண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தன் முன்னால் போனான். துரை அவன் ரெண்டு கையையும் பிடித்துத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார். இன்னொருத்தன் ஷாப்டு பக்கத்து ஜன்னலுக்குப் போனான். அங்கே கொர்னேலியஸ் உட்கார்ந்திருந்தார்.

"பேரு?" என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

"துலுக்காணம் ஐயா."

தாமோதரன் பில்லையை வாங்கிக்கொண்டு, ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜுக்குள் ஏறினான்.

தை, மாசி, பங்குனி ஓடியது. துலுக்காணம் இன்ஜின் ரூமில் எண்ணெய் விட்டான். முகத்தில் சதை போட்டது. சம்பளம் முழுக்க அக்கா கையில் கொடுத்தான். மாமனுக்கு ஆட்டுக்கால் வாங்கி வந்தான், முட்டை வாங்கி வந்தான். தாமோதரன் சித்திரையில் சளியோடு ரத்தம் துப்பினான். வைகாசியில் கேஜிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். "ஆடிக்கு எத்தினி நாளு கீது?" என்று தினமும் கேட்டான். சம்பங்கி ரெண்டு நாள் குறைத்தே சொல்லிவந்தாள். கல் மேடையைத் தாண்டிப் போகிற துரை அவளைக் கண்டால் நின்று, அரைகுறைத் தமிழில் புருஷனை விசாரிப்பார். அவள் பதில் சொல்வாள்.

ஆனி பதினேழாம் தேதி தாமோதரன் ஷிப்டு முடிந்து மேலே வந்தான். கேஜ் கதவைத் திறந்ததும் கீழே விழுந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. துலுக்காணம், வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகாதவன், நெஞ்சு வியாதி என்று கொர்னேலியஸ் நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு நேரே கோயிலுக்குப் போனார் என்று சொல்கிறார்கள். போனால் என்ன, எழுதினாரே.

பிணத்தை லைனுக்குத் தூக்கிவந்தார்கள். சம்பங்கி வளையலை அடுப்புக் கல்லில் மோதப் போனபோது, டீம்காரன் ஒருவன் பெண்டாட்டி மங்கம்மா ஓடி வந்து ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"வேணாம்மே. செத்தது உந்தம்பிமே. அப்டித்தான் எழுதிகீது."

"எம்புருசன்டீ."

"எனக்குத் தெரியாதா? லைனுக்கே தெரியும். துரைக்குத் தெரிய வேணாம். நாளைக்கி நீ வெறுங்கழுத்தோட கல்லு மேடைக்குப் போனா துரை கேக்க மாட்டாரா, தாமோதரன் இன்ஜின் ரூம்ல நிக்கறான், நீ இன்னாத்துக்கு தாலிய அறுத்தன்னு?"

"கேக்கட்டும்."

"மூணு புள்ளைங்கமே எனக்கு. எங்க வூட்டுக்காரரும் இப்பவே இருமறாரு."

மற்ற பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் அதட்டவில்லை. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி தலையை வாரி விட்டாள். பத்தாம் நாள் சடங்கு நடக்கவில்லை. கல்யாணம் ஆகாத தம்பிக்கு எதற்கு தாலி அறுப்பு? அழ மட்டும் விட்டார்கள். தம்பிக்காக அக்கா அழலாம். துலுக்காணம் அவள் எதிரில் வரவில்லை. லைன் கடைசியில் வேறொரு வீட்டில் படுத்துக்கொண்டான். தன் பேரில் புதைத்த குழியில் அவனும் ஒரு பிடி மண் போட்டான்.

பதினோராம் நாள் காலையில் மங்கம்மா வந்து, தன் கையாலேயே சம்பங்கி நெற்றியில் குங்குமம் வைத்தாள். கனகாம்பரம் முழம் போட்டு வாங்கி வந்திருந்தாள், அதையும் தலையில் சொருகினாள். சம்பங்கி மரமாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து வேலைக்குப் போனாள்.

ஆடி பிறந்துவிட்டது. மைதானத்தில் புல் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் மேடையில் சம்பங்கி பொன் இருக்கிற கல்லை ஒருபக்கமும் வெறுங்கல்லை ஒருபக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வால்டர் துரை அந்தப் பக்கம் வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். அவருக்கு நல்ல மனசு. தம்பி செத்த சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. தொப்பியை எடுத்துவிட்டு, மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார்.

"உந்தம்பி போனதுக்கு துரை வருத்தப்படறாரு" என்றான் மேஸ்திரி. "தாமோதரன் எப்டி கீறான், மனசு வுட்டுட்டானா, இந்த வருசம் நல்லா ஆடுவானான்னு கேக்கறாரு."

மேடையில் எல்லாப் பெண்களின் கையும் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளி இருந்த மங்கம்மா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

"நல்லா கீறாருன்னு சொல்லுங்க துரைக்கு" என்றாள் சம்பங்கி. "எம்புருசனுக்கு இன்னா, ராஜாவாட்டம் கீறாரு."